பிள்ளைக்கு எட்டும் உயரம்

விளவங்கோடு பக்கம் என் அத்தை வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. ரப்பர் ஷீட் அடிக்கும் இடம். விடியுமுன் வெட்டிய பாலை வாளியில் கொண்டுவந்து, அரித்து, தண்ணீர் கலந்து டிஷ்களில் ஊற்றுவார்கள். அதில் ஆசிட் சேர்த்தால் பால் உறையும். உறைந்ததை மெஷினில் கொடுத்துத் தகடாக்கி, கொடியில் தொங்கப் போடுவார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் மரம் நிற்கும் விளைகளை, அதாவது தோட்டங்களை, சுற்றிப் பல வீடுகளில் இது அன்றாட வேலை.

ஆசிட் என்பது பார்மிக் ஆசிட். கெட்டியாக வாங்கி, தண்ணீரில் கலக்கி, தேவைக்கு எடுத்து ஊற்றுவார்கள். எதில் கலக்கி வைப்பது? கையில் கிடைக்கும் குப்பியில்தான். அத்தை வீட்டில் அது கலர் வாங்கிக் குடித்த பழைய பாட்டில். சாய்ப்பின் தூண் ஓரம், தரையில் இருந்தது. அத்தையின் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. மூடியைத் திறக்கத் தெரியும், அந்த வடிவப் பாட்டிலில் இனிப்புத் தண்ணீர் இருக்கும் என்றும் தெரியும். வாயில் வைத்துவிட்டான். எரிந்ததும் துப்பிவிட்டதால் பிழைத்தான். உதடும் தாடையும் வெந்து, ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் கிடந்தான்.

அன்று அந்த முற்றத்தில் என் காதில் விழுந்த முதல் கேள்வி இன்றும் அங்கேயே நிற்கிறது: "பிள்ளையப் பாக்காம என்ன செய்துட்டிருந்தா அவ?" அவள் என்றால் பையனின் அம்மா. அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்ட எவரும், ஆசிட் ஏன் கலர் பாட்டிலில் இருந்தது என்றோ, அந்தப் பாட்டில் ஏன் தரையில் இருந்தது என்றோ கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் நேரும் காயங்களைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை மாற்றாமல் எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தியும் பயனில்லை என்பது என் எண்ணம்.

விபத்து என்ற சொல்லிலேயே 'நம் கையில் இல்லை' என்ற ஒரு சமாதானம் ஒளிந்திருக்கிறது. நேரம் சரியில்லை, கண்ணு பட்டுவிட்டது, விதி. ஆனால் மருத்துவம் இந்தக் காயங்களை அப்படிப் பார்ப்பதை விட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களிலும் 70-களிலும் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். மலேரியாவுக்குக் கிருமி இருப்பதுபோலக் காயத்துக்கும் ஒரு காரணப் பொருள் உண்டு, அது ஆற்றல். உடல் தாங்கும் அளவுக்கு மேல் வெப்பமோ, விழும் வேகமோ, மின்சாரமோ, ரசாயனமோ வந்து சேர்ந்தால் காயம். மூச்சுக்கு வேண்டிய காற்று வராமல் போனால் மூழ்கலும் மூச்சடைப்பும். கொசுவுக்கு வலை கட்டுவதுபோல ஆற்றலுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும். அந்த ஆற்றலை அங்கே வைக்காமலே இருக்கலாம், அளவைக் குறைக்கலாம், தடுப்புப் போடலாம். 'கவனமாக இரு' என்று சொல்வதும் ஒரு வழிதான், ஆனால் எல்லாவற்றிலும் பலம் குறைந்த வழி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 பிள்ளைகள் இப்படிப்பட்ட காயங்களால் இறந்தார்கள். நாளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். அதில் 95 சதவீதத்துக்கும் கூடுதல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். மற்ற நாடுகளில் பிள்ளைகள் சேட்டை செய்யாமலா இருக்கிறார்கள்? பணக்கார நாடுகளில் பாட்டில் மூடி முதல் ஜன்னல் கம்பி வரை சட்டம் போட்டு மாற்றினார்கள். கனடாவின் விண்ட்சர் நகரில் ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடியை 1967-ல் கொண்டுவரச் செய்தார். 1970-ல் அமெரிக்காவில் அதற்குச் சட்டமே வந்தது. தாய்மாரைத் திட்டுவதற்குப் பதில் மூடியைத் திருத்தினார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் திறமை ஒரே சீராக வளர்வதில்லை. நாலைந்து மாதத்தில் ஒருநாள் திடீரென்று புரளும், அன்றைக்குத்தான் கட்டிலிலிருந்து முதல் தடவை விழும். ஒன்பது மாதம் சுமாருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளைப் பொறுக்கத் தொடங்கும், பொறுக்கியது எல்லாம் வாய்க்குப் போகும். ஒன்றரை வயதில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். நேற்று எட்டாதது இன்றைக்கு எட்டும். வீட்டில் உள்ளவர்களின் மனதில் இருப்பதோ போன மாதத்துப் பிள்ளை. அதனால்தான் "இவனுக்கு அது எட்டும்னு நெனைக்கவே இல்ல" என்று எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். குமரி என்றால் தண்ணீர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்யும் இடம். குளங்கள், கோதையாறு, பழையாறு, வள்ளியாறு, பேச்சிப்பாறையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் கிளம்பி ஊர் ஊராகப் பிரியும் சானல்கள், வீட்டுக்கு ஒரு கிணறு. கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூனில் அணை திறந்தால், நேற்று வரை பிள்ளைகள் பந்து விளையாடிய வறண்ட சானலில் இன்றைக்கு இடுப்பளவு தண்ணீர் ஓடும். பல வீடுகளுக்கு வாசற்படியும் சானல் கரையும் பத்தடி தூரம்தான். தண்ணீர் திறக்கும் நாள் விவசாயிக்குத் தெரியும், ஊர்க் கூட்டத்தில் பேசுவார்கள். சானல் கரையில் குடியிருக்கும், இரண்டு வயதுப் பிள்ளையுள்ள வீட்டுக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. இது காசு செலவில்லாத காரியம். ஊராட்சி நினைத்தால் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அரை நாளில் சொல்லி முடிக்கலாம்.

ஆனால் மிகச் சின்னப் பிள்ளைகளுக்குக் குளமும் சானலும் வேண்டியதில்லை, குளியலறை வாளியே போதும். ஒரு வயதுப் பிள்ளைக்கு உடம்பின் எடையில் தலையின் பங்கு அதிகம். நின்றுகொண்டு வாளிக்குள் எட்டிப் பார்க்கும், கை வழுக்கும், தலைகுப்புற உள்ளே போகும். கால் அந்தரத்தில் நிற்கும். தலையைத் தூக்கக் கையில் பலம் இருக்காது, தண்ணீர் நிறைந்த வாளி எளிதில் கவிழவும் செய்யாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும், ஐந்து சென்டிமீட்டர் ஆழமே ஆபத்து. சத்தமும் வராது. மூழ்கும் பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்கே காற்று இல்லாதபோது கத்துவதற்கு ஏது? பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது தமிழ்நாடே நாலைந்து நாள் தொலைக்காட்சி முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதற்குப்பின் கைவிட்ட குழாய்க் கிணறுகளை மூட ஊர்கள் இறங்கின, அது நல்லது. ஆனால் வாளியிலும் அண்டாவிலும் வீட்டுக் கிணற்றிலும் போகும் பிள்ளைக்குக் கேமரா வருவதில்லை. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் நாடு முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் எல்லா வயதிலுமாக 38,000-க்கும் மேல். ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் ஜூலை 25-ஐ மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த நாள் வந்து போவதை நம் ஊரில் கவனித்தவர் எத்தனை பேர்?

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதல்ல. துணி துவைத்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குடிதண்ணீர் வரும் நாளில் குட்டுவத்திலும் அண்டாவிலும் பிடித்து வைப்பவர்கள் பிள்ளை தூக்க முடியாத கனமான மூடி போட வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே, பெரியவர் நெஞ்சு உயரத்தில் ஒரு கொண்டி. இந்தக் கொண்டியைப் பற்றி நான் வீடு வீடாகச் சொல்லத் தயார். ஆசாரியைக் கூப்பிட்டால் கால் மணி நேர வேலை. உள்ளே போடும் தாழ்ப்பாள் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வெளியே போடும் கொண்டி பல வீடுகளில் இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருந்தால் மட்டும் போதாது. சுவரோடு ஒட்டித் துவைகல்லோ, கவிழ்த்த உரலோ கிடந்தால் அது ஏணி. அதை நகர்த்திப் போட்டு, மேலே கம்பி வலை போட வேண்டும். முன்பு கப்பியும் கயிறுமாக நாள் முழுக்க யாராவது தண்ணீர் கோரிக்கொண்டிருந்த கிணறுகளில் இப்போது மோட்டார். கிணற்றங்கரையில் ஆள் நிற்பதே இல்லை. அந்த வெறிச்சோடிப்போன கிணறுகளுக்குத்தான் இப்போது கூடுதல் காவல் வேண்டும்.

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கொண்டி போட்டாலும், நடை பழகிய பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? வங்கதேசத்தில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் மூழ்குவது காலை ஒன்பது மணிக்கும் மதியத்துக்கும் நடுவே, வீட்டுக்கு மிக அருகிலுள்ள குளத்தில் என்று தெரிந்தது. அம்மா சமையலிலும் அப்பா வயலிலும் அண்ணன் அக்கா பள்ளியிலும் இருக்கும் நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் கிராமத்திலேயே ஒரு வீட்டில் இருபது இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெயர் 'ஆஞ்சல்', வங்காளத்தில் முந்தானை என்று அர்த்தம். அங்கே விடப்பட்ட பிள்ளைகளிடம் மூழ்கிச் சாவது மிகப் பெரிய அளவில் குறைந்தது. அறிவுரை சொல்லிச் சாதிக்க முடியாததை, நாலு மணி நேரம் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் வைத்துச் சாதித்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதைத் தன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

நம்மிடம் இந்த ஏற்பாடு பாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடிகள். ஆனால் அங்கே பிள்ளைகள் பொதுவாக இரண்டு வயதுக்கு மேல்தான் உட்கார வருவார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட, நடக்கத் தெரிந்து அறிவு வராத அந்த ஆபத்தான வருஷம் வீட்டின் தலையில்தான். குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் பெண்கள் ஏராளம். காலையில் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் திரும்ப மாலையாகும். பிள்ளை ஆச்சியிடம். ஆச்சிக்கு முட்டுவலி, கண்ணில் புரை. ஓடும் பிள்ளையின் பின்னால் அவர் எப்படி ஓடுவார்? 30-க்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று, பின்னர் திருத்தப்பட்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். விழிப்புணர்வு என்று மேடை போடுகிறவர்கள் தாய்மாரிடம் பேசும் நேரத்தில் பாதியை ஆலை முதலாளிகளிடமும் தொழிலாளர் துறையிடமும் பேசச் செலவிட்டால் நல்லது.

கடற்கரை ஊர்களுக்கு வேறொரு ஆபத்து. வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கி வீட்டில் வைப்பார்கள், சின்ன அளவுக்குத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பதும் உண்டு. ஒரு வாய் குடித்த பிள்ளைக்கு வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. அது மிக மெல்லிய எண்ணெய், இருமும்போதும் வாந்தி எடுக்கும்போதும் மூச்சுக்குழாய்க்குள் வழுகிப் போய் நுரையீரலைப் புண்ணாக்கும். அதனால்தான் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஆசிட்டுக்கும் அப்படித்தான், போகும்போது சுட்ட தொண்டையை வரும்போது இன்னொரு தடவை சுடும். அத்தை வீட்டு முற்றத்தில் அன்றைக்கு ஒருவர் உப்புத் தண்ணீர் கலக்கச் சொன்னார், இன்னொருவர் தொண்டைக்குள் விரலை விடச் சொன்னார். பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கும் பெண் ஓடிவந்து தடுத்தாள். வாயைத் தண்ணீரால் கழுவி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னாள். என்ன குடித்தது என்று டாக்டருக்குத் தெரிய அந்தப் பாட்டில் முக்கியம்.

சாமி அறையையும் மறக்க வேண்டாம். கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்ட சின்னக் கற்பூரக் கட்டியே வலிப்பைக் கொண்டுவரும். பாட்டாவின், அதாவது தாத்தாவின், தலையணைக்கு அடியில் இருக்கும் சர்க்கரை மாத்திரை சிலவகையில் ஒன்றே ஒன்று போதும், பிள்ளையின் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். பார்க்க நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விளையில் அரளிக்காயும் காட்டாமணக்குக் கொட்டையும் கிடக்கும். ரிமோட்டில் போடும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கும். மூச்சுக்குழாயை அடைப்பவை என்றால் நிலக்கடலை, பலாக்கொட்டைத் துண்டு, புளியங்கொட்டை, இப்போது சந்தைகளில் குவியும் ரம்புட்டான். ரம்புட்டானை முழுதாக வாயில் கொடுக்காமல், கொட்டையை நீக்கிக் கிள்ளிக் கொடுக்க வேண்டும்.

சூட்டுப்புண்ணுக்கு நம் அடுக்களைகள் பெயர்போனவை. சோறு வடித்த கஞ்சித்தண்ணி, மரச்சீனிக் கிழங்கு அவித்த தண்ணீர், நேந்திரங்காய் வத்தல் போடும் எண்ணெய், எல்லாம் தரையிலோ திண்டின் விளிம்பிலோ ஆற வைக்கப்படுகின்றன. பிள்ளையின் தோல் மெல்லியது. பெரியவர் ஊதி ஊதிக் குடிக்கும் சாயா அதன் மேல் கொட்டினால் ஒரு நொடிக்குள்ளாகவே ஆழமாக வெந்துவிடும். மடியில் பிள்ளையும் கையில் சாயாவும் ஒரே நேரத்தில் வேண்டாம். அப்படியும் பட்டுவிட்டால் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இருபது நிமிடம் என்பது அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு மிக நீளமான நேரம், ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். வெந்த ஆழத்தையும் பின்னால் வரும் தழும்பையும் குறைப்பது அந்தத் தண்ணீர்தான். அப்புறம் சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு கிளம்பலாம்.

நடைவண்டி பற்றி ஒரு சொல். நம் தாத்தாக்கள் செய்த மரத்து மூன்று சக்கரத்தைச் சொல்லவில்லை, பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வாக்கரைச் சொல்கிறேன். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படிக்கட்டுக்கும் அடுப்புக்கும்தான் சீக்கிரம் கொண்டுபோகும். கனடா அதன் விற்பனையையே 2004-ல் தடைசெய்துவிட்டது. பெயர்வைக்கும் வீட்டுக்கு அதைப் பரிசாக வாங்கிப் போகாமல் இருந்தாலே ஒரு பிள்ளைக்கு நல்லது செய்ததாகும்.

தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குப் பிராணவாயு இல்லாத நிமிடம். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மை மேல் கை வைத்துப் பழக வேண்டும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கேரளத்துக் குடும்பஸ்ரீ மாதிரி இங்குள்ள மகளிர் குழுக் கூட்டம் என்று ஊர் கூடும் இடம் நமக்குக் குறைவில்லை. அங்கே ஒரு மணி நேரம், ஒரு பொம்மை, சொல்லித்தர ஒரு செவிலியர். 2011 கணக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கே முடியவில்லை என்றால் வேறெங்கே முடியும்?

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், தாடையில் வெளுத்த தழும்பு. சாய்ப்புக்கு இப்போது இடுப்பளவு மரக்கதவு இருக்கிறது. ஆசிட் அதற்கென்றே வாங்கிய கன்னாசில், அதாவது கேனில், என் தலைக்கு மேல் உள்ள தட்டில், பூட்டிய பெட்டிக்குள். ஷீட் அடித்து முடிந்ததும் மெஷினின் கைப்பிடியைக் கழற்றி அதே பெட்டியில் வைக்கிறார்கள், உருளைக்குள் பிள்ளை விரல் போய்விடக் கூடாதே என்று. வீட்டில் இப்போது அவனுடைய தங்கை, ஒரு வயதும் மூன்று மாதமும். முற்றம் முழுக்க அவள்தான் ஓடிக்கொண்டிருந்தாள். "ஒரு தடவ தரையில இருந்து பாரு மக்களே, அப்பதான் அவளுக்கு என்னெல்லாம் கையெட்டும்னு தெரியும்" என்று அத்தை சொன்னார். நானும் அவரோடு சாய்ப்பு வாசலில் முட்டுக்குத்தி உட்கார்ந்து பார்த்தேன். தூண் ஓரத்தில் யாரோ மறந்து வைத்த, ரப்பர் பால் வெட்டும் கத்தி ஒன்று அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அத்தை எழுந்து போய் அதை எடுத்தார்.